காலுக்கேற்ற செருப்பு

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)





இம்மேடையில் சமயமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இன்று நாம் செருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். வாயிலிலே கழற்றிவிட்டு வரும் பொருளை மேடைக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் எண்ணக்கூடும். இராமபிரானின் பாதுகையை அரியணையில் ஏற்றிவைத்துப் பதினான்கு ஆண்டுகள் நாடு காத்த பரதனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே பாதரட்சை எமக்கு இழிந்த பொருளன்று. இந்த மண்டபத்து வாயிலில் இப்போது கிடக்கும் செருப்புகளுள் எத்தனை, தம்மை அணிந்து வந்தவர்களின் கால்களுக்கு மெல்ல மெல்லக் கேடு செய்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், இப்பொருளைப் பேசாதிருப்பதே பிழை என்று தோன்றும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயதானவர்கள் உள்ள வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. “உள்ளங்கால் தணலிலை வைச்ச மாதிரி எரியுது” என்பார் ஒருவர். “ஊசியாலை குத்துது” என்பார் மற்றொருவர். “பஞ்சிலை நடக்கிற மாதிரிக் கிடக்கு” என்பார் வேறொருவர். போர்வை பட்டாலும் தாங்கமுடியாமல் காலை வெளியே நீட்டிக்கொண்டு விடியும்வரை விழித்திருப்போரும் உளர். வீட்டிலுள்ள இளையோர் இதனை வயதின் கோளாறு என்று எண்ணித் தைலம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுகின்றனர்.

இது நரம்பின் நோய். முதுகந்தண்டின் அடியிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடும் நரம்புகளே எமது உடலில் மிக நீண்டவை. இரத்தத்தில் சீனி பல ஆண்டுகள் மிகுந்து நின்றால் அந்த நரம்புகளும், அவற்றுக்கு உணவூட்டும் மெல்லிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. நீண்ட நரம்பு முதலிலே கெடும். ஆதலால் தொல்லை விரல் நுனியில் தொடங்கி, மேசு அணிந்தாற்போலப் படிப்படியாக மேலே ஏறும்.

எம் நாட்டில் நீரிழிவு பெருகிவரும் விரைவைக் கேட்டால் அச்சம் உண்டாகும். 2005–2006இல் நடந்த நாடளாவிய ஆய்வில் வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இந்நோய் காணப்பட்டது. 2018–2019இல் நடந்த ஆய்விலோ நூற்றுக்கு 23 பேர் என்றாயிற்று. நீரிழிவு உள்ளோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குக் காலப்போக்கில் நரம்பும் பாதிக்கப்படுகின்றது. அப்படியானால் இந்த மண்டபத்தில் இருக்கும் குடும்பங்களுள் இத்துன்பம் எட்டாத குடும்பம் எத்தனை இருக்கும்?

எல்லாக் கால் எரிவும் நீரிழிவினால் வருவதன்று என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தாலும் இவ்வாறே எரியும். அச்சத்து மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே உண்டு. சைவ உணவு உண்போரும், மெட்போர்மின் குளிசையை நெடுங்காலம் எடுப்போரும் அதனைப் பரிசோதித்துக்கொள்வது நன்று. மதுவும், தொழுநோயும், சயரோகத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளும் கூட நரம்பைக் கெடுக்கும். ஆகவே காரணத்தை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இனி, நாம் சொல்ல வந்த முக்கியமான கருத்துக்கு வருவோம்.

பழுதான தொலைபேசிக் கம்பியை நினைத்துப் பாருங்கள். அழைப்பவர் எவரும் இல்லாதபோது அது இரையும். உண்மையில் ஒருவர் அழைக்கும்போது மணி அடிக்காது. கெட்ட நரம்பும் அத்தகையதே. இரவில் காலிலே நெருப்பு இல்லை, ஆனால் எரிகின்றது. பகலில் சப்பாத்துக்குள் ஒரு கல் உண்மையிலேயே கிடக்கின்றது, ஆனால் தெரிவதில்லை. நோவும் மரத்துப்போதலும் ஒரே காலில் ஒருங்கே குடியிருக்கின்றன. இதனை அறியாமல், “கால் நோகின்றது, ஆகவே அதற்கு உணர்ச்சி நன்றாக இருக்கின்றது” என்று நம்புவதே பெரிய ஆபத்து.

இதனால் விளையும் விபரீதம் ஒன்றைக் கூறுவோம். கொட்டாஞ்சேனையில் நாமறிந்த பெரியவர் ஒருவர்; ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். எட்டாம் இலக்கச் சப்பாத்து அணிய வேண்டிய அவர் ஏழாம் இலக்கத்தையே விரும்பி வாங்குவார். காரணம் கேட்டால், “எட்டுப் போட்டால் காலிலை ஒன்றும் இல்லாத மாதிரிக் கிடக்கு, ஏழுதான் பிடிச்சுக்கொண்டு நிக்குது” என்பார். உணர்ச்சி குறைந்த கால், இறுக்கத்தையே பொருத்தம் என்று கொள்கின்றது. அவருக்கு அது சுகமாகவே இருந்தது. சுண்டுவிரலின் பக்கத்தில் கொப்புளம் உண்டாகி, உடைந்து, மேசில் கறை கண்ட பின்னரே வீட்டார் அறிந்தனர். நல்லகாலமாக அவரது புண் ஆறியது. எல்லோருக்கும் ஆறுவதில்லை. நீரிழிவினால் நேரும் காலிழப்புகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 85, முதலில் ஒரு புண்ணாகத் தொடங்கியவையே.

எனவே காலைக் கேட்டுச் செருப்பு வாங்காதீர்கள். கண்ணையும் கையையும் அளவுநூலையும் கேட்டு வாங்குங்கள். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்களானால், அதன் பெரும்பகுதி எமது தமிழ் மண்ணிலிருந்தே வந்தது என்று பெருமையுடன் கூறலாம். போல் பிராண்ட் என்னும் ஆங்கில வைத்தியர் 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையிலே பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அவர் பொறுமையுடன் கவனித்தார். நோய் செய்தது நரம்பைக் கெடுத்து நோவை அகற்றியது மட்டுமே. மற்றச் சேதத்தையெல்லாம் சூடான பாத்திரமும், ஆணியும், பொருந்தாத செருப்பும் செய்தன என்று அவர் எடுத்துக் காட்டினார். பாதத்தில் புண் வருவதற்குப் பெரிய காயம் ஒன்று வேண்டுவதில்லை. அதே இடத்தில் சிறிய அழுத்தம் ஆயிரம் ஆயிரம் அடிகளாகத் தொடர்ந்தாலே போதும் என்பது அவர் கண்ட உண்மை. நோவுள்ளவன் நடக்கும்போது தன்னையறியாமலே அடியை மாற்றி வைக்கின்றான். நோவில்லாதவன் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே போகின்றான்.

இதற்கு மருந்தாகச் செருப்பையே கொண்டார் அவர். அவரும் அவருடைய கூட்டாளரும் மிருதுவான நுண்துளை றப்பரை உள்ளே வைத்து, ஆணியடிக்காமல், குதிக்காலைப் பிடிக்கும் வாரோடு செருப்புகளைச் செய்வித்தனர். 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். நீரிழிவுக்காரரின் பாதங்களும் வேலூரில் தாம் கண்ட பாதங்களைப் போன்றவையே என்பதை அங்கே உணர்ந்து, அதே முறைகளை அவர்களுக்கும் பயன்படுத்தினார். ஏழைத் தொழுநோயாளனின் செருப்பு இவ்வாறு உலகெங்குமுள்ள நீரிழிவுக்காரருக்கு வழிகாட்டியாயிற்று.

பின்னர் சென்னையில் நீரிழிவு வைத்தியர்களும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினர்; அது 2004இல் வெளியாயிற்று. முன்பு காலில் புண் வந்து ஆறிய 241 பேரை அவர்கள் கவனித்தனர். மிருதுவான உட்தளமுடைய செருப்புகளை அணிந்தவருள் ஒன்பது மாதங்களில் நூற்றுக்கு 4 பேர் அளவிலேயே புதிய புண் கண்டது. கடினமான தளமுடைய வழக்கமான செருப்பையே அணிந்தவருள் நூற்றுக்கு 33 பேருக்குக் கண்டது. நான்கு எங்கே, முப்பத்துமூன்று எங்கே! விலையுயர்ந்த மருந்தொன்று இப்பலனைத் தந்திருந்தால் அதனை நாம் கடன்பட்டாவது வாங்குவோம் அல்லவா?

இனிக் கடைக்குப் போவோம். காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் பாதணிக் கடைகளுக்குக் குறைவில்லை. போகுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மாலை வேளையில், கால் சற்றே வீங்கியிருக்கும்போது, ஒரு கடுதாசியின் மேல் நின்று இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். நின்றபடியே வரையவேண்டும், இருந்து வரைந்தால் பாதம் சிறுத்துவிடும். இரண்டு பாதமும் எவர்க்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆதலால் பெரியதையே அளவாகக் கொள்க. வரைந்ததை வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சப்பாத்துக்குள் வையுங்கள். கடுதாசியின் ஓரம் மடிந்தால் அந்தச் சப்பாத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். உட்புற நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை கூடுதலாக இருக்கவேண்டும். அகலம் விரல்களின் அடிமூட்டு விரிந்து நிற்கப் போதுமானதாகவும், உயரம் விரல்களின் மேற்பகுதி உரசாததாகவும் இருக்கவேண்டும். நரம்பு கெட்ட காலில் விரல்கள் கொக்கிபோல் வளைவதுண்டு. அத்தகையோர் உயரத்தை மறத்தலாகாது.

பிறகு கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தையல் துருத்துகின்றதா, ஆணிமுனை தெரிகின்றதா, ஒட்டிய துணி சுருங்கியிருக்கின்றதா என்று விரலே சொல்லும். உட்தளத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். சிறிதும் அமுங்காதது பயனில்லை. அழுத்தியவுடன் அடிமட்டையில் போய் முட்டுவதும் பயனில்லை. கடையில் மெத்தைபோல் தோன்றும் அது, நடக்கத் தொடங்கியதும் தட்டையாகிவிடும். உள்ளே மிருது, வெளியே உறுதி என்பதே விதி. வளைத்துப் பார்த்தால் விரல் மடியும் இடத்தில் மட்டுமே வளையவேண்டும். நடுவில் மடங்கும் செருப்பு காலைத் தாங்காது.

நாம் பாட்டா என்றழைக்கும் விரலிடுக்குச் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவானது, மழைக்கு ஏற்றது, எல்லா வீட்டிலும் உள்ளது. ஆயினும் இக்கால்களுக்கு அது பகை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள மென்மையான தோலை அது அறுக்கும். கழன்று போகாமலிருப்பதற்காக விரல்களை இடையறாது மடக்கிப் பிடிக்க நேரும். உணர்ச்சி குறைந்தவர்க்கோ, செருப்பு வழியில் கழன்றுபோனதும் தெரியாது. வெறுங்காலுடன் நடந்து வீட்டு வாயிலுக்கு வந்த பின்பே தெரிந்தவர்களும் உண்டு. எனவே குதிக்காலைச் சுற்றி வாருள்ளதும், மேலே அகன்ற பட்டியால் கூட்டிக் குறைக்கக்கூடியதுமான செருப்பே உகந்தது. கூர்முனைச் சப்பாத்தும் உயர்ந்த குதியும் வேண்டவே வேண்டாம்.

வாங்கிய புதுச் சப்பாத்தை அன்றே அணிந்துகொண்டு கலியாண வீட்டுக்குப் போகக்கூடாது. முதல்நாள் வீட்டுக்குள் அரைமணி நேரம், கழற்றிப் பாருங்கள். எங்கேனும் சிவந்து, அந்தச் சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் சப்பாத்து அழுத்துகின்றது என்பது பொருள். சிவக்கவில்லையானால் அடுத்தநாள் ஒருமணி நேரம், பின்னர் இரண்டு மணி நேரம் என்று கூட்டிச் செல்லலாம். மேசு வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருப்பது நன்று. இரத்தமோ சீழோ பட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். தையல் உறுத்தினால் உள்வெளியாகத் திருப்பி அணியுங்கள். காலைப் பிடிக்கும் இறுகிய இழைப்பட்டி ஆகாது. ஒவ்வொரு முறையும் அணியுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமானும், சில்லறைக் காசும் அதற்குள் கிடப்பதுண்டு.

வீட்டுக்குள் என்ன செய்வது? வெளிச்செருப்பைப் படிக்குக் கீழே கழற்றுவது எமது பண்பாடு, அதனைக் கைவிடவேண்டியதில்லை. வீட்டுக்கென்றே சுத்தமான மிருதுவான செருப்பொன்றை வாசலில் வைத்துக்கொண்டால் பண்பாடும் நிலைக்கும், காலும் பிழைக்கும். எரிகின்றதென்று சுடுநீரிலோ பனிக்கட்டியிலோ காலை வைப்பது பெருங்கேடு. சூடு எவ்வளவென்று அக்கால் சொல்லாது. தோல் வெந்த பின்னரே கண் காணும். ஒத்தணமும் அவ்வாறே. நீரின் சூட்டை முழங்கையாலோ, வீட்டிலுள்ள இன்னொருவர் கையாலோ பார்த்தபின் கழுவுங்கள். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். வெடித்த குதிக்கு எண்ணெய் பூசலாம், விரலிடுக்குக்குப் பூசவேண்டாம்.

அடுத்துக் கோயில். பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக் கருங்கல் வீதி எத்துணை அழகியது! ஆயினும் நண்பகல் வெயிலில் திறந்தவெளிக் கல் எந்தக் கல்லாயினும் அடுப்பாகிவிடும். உணர்ச்சியுள்ளவன் துள்ளி நிழலுக்கு ஓடுவான். உணர்ச்சி குறைந்தவர் அமைதியாகப் பிரதட்சிணம் செய்வார். மாலையில் உள்ளங்கால் முழுவதும் கொப்புளமாக நிற்கும். கண்ணப்பர் இறைவனின் கண்ணிருக்கும் இடத்துக்கு அடையாளமாகச் செருப்பணிந்த தம் காலையே ஊன்றினார்; இறைவன் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. இதனைக் காட்டி, கோயிலுக்குள் செருப்போடு போகலாம் என்று நாம் வாதிடவில்லை. பக்தியை அளப்பது கொப்புளம் அன்று என்பதையே சொல்கின்றோம். அதிகாலையிலோ அந்தியிலோ செல்லுங்கள். வெயிலில் வெளிவீதியை விட்டு உள்வீதியில் வலம்வாருங்கள். கோயிலுக்கென்றே துவைத்து வைத்த தடித்த பருத்தி மேசை, ஆலயத்தாரின் இசைவோடு அணிந்துகொள்ளுங்கள். வழுக்காமல் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடிவேலின் பின்னே வெறுங்காலோடு நெடுந்தூரம் நடப்பதையும், தீமிதிப்பதையும் இந்நோயுள்ளோர் தவிர்ப்பதே முறை. நேர்த்தியைப் பிள்ளைகள் நிறைவேற்றலாம்.

செருப்பு மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அது புண்ணைத் தடுக்கும், அழுத்தத்தைக் குறைத்து நடையைச் சுகமாக்கும், நரம்பைத் திருத்தாது. இரத்தச் சீனியை ஒழுங்கில் வைத்திருப்பதே நரம்பைக் காக்கும் வழி. இரவு எரிவைத் தணிக்க வைத்தியரிடம் தகுந்த மருந்துகள் உண்டு; ஆறு மாதம் விழித்திருந்தபின் கேட்பதைவிட இப்பொழுதே கேட்பது நன்று. மெல்லிய நைலோன் இழையாலும், அதிரும் இசைக்கவையாலும் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி எவ்வளவு உள்ளதென்று சில நிமிடங்களில் அறியலாம். நீரிழிவுள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் செய்விக்க வேண்டும். முன்பே புண் வந்தவர்க்கும், பாதத்தின் உருவம் மாறியவர்க்கும் கடைச் செருப்புப் போதாது; அளவெடுத்துச் செய்விக்க வைத்தியரின் கடிதத்தோடு செல்லவேண்டும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒன்று விண்ணப்பம். நல்ல செருப்பைப் பிள்ளைகள் வாங்கித் தந்தால், “இது நோயாளிச் செருப்பு, நாலு பேர் பார்த்தால் என்ன சொல்லுவினம்?” என்று கட்டிலின் கீழ் தள்ளிவிடுகின்றீர்கள். இதே வெட்கத்தைத் தொழுநோயாளரும் பட்டனர். அவர்களுடைய செருப்பைக் கண்டு ஊர் ஒதுங்கியது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே களனி கங்கைக்கு அப்பால் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலையை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய இடங்களில் ஒதுக்கப்பட்ட மனிதரின் துன்பத்திலிருந்து பிறந்த அறிவே இன்று எமது கால்களைக் காக்கின்றது. அதனை அணிய வெட்கப்படலாமா? செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று எம் முன்னோர் கேட்டனர். வேடிக்கையாகச் சொன்ன அப்பழமொழி எத்தனையோ வீடுகளில் உண்மையாகிவிட்டது.

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று வேலை தருகின்றோம். முதலாவது, இன்றிரவு வீட்டிலுள்ள பெரியவரின் பாதத்தை விளக்கொளியில் பாருங்கள். அடியையும், குதியையும், ஒவ்வொரு விரலிடுக்கையும் பாருங்கள். கண்பார்வை மங்கி, குனிய முடியாத அவர்கள் தம் உள்ளங்காலைத் தாமே காண்பது அரிது. நாள்தோறும் இரண்டு நிமிடம் போதும். கொப்புளமோ, வெடிப்போ, ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருப்பதோ கண்டால் அடுத்தநாளே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரண்டாவது, வரும் விடுமுறையில் மன்ற மண்டபத்தில் ஒரு மாலை கூடி, எம் பகுதிப் பெரியோரின் பாதங்களைக் கடுதாசியில் வரைந்து, அவர்கள் அணிந்துவரும் செருப்போடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். செலவு ஒரு கட்டுக் கடுதாசியும் நான்கு பென்சிலுமே. மூன்றாவது, திருவிழாக் காலத்தில் ஆலயத்தாரின் அனுமதி பெற்று, வெயில் படும் வீதியில் கயிற்றுப்பாய் விரித்து நீர் தெளியுங்கள். செருப்புக் கழற்றும் இடத்தில் முதியோர் இருந்து கழற்ற வாங்கு ஒன்று போடுங்கள்.

பெரியோரின் காலைத் தொட்டு வணங்குவது எமது மரபு. தொடும் கை சற்றே நின்று அக்காலைப் பார்க்கவும் செய்தால், அந்த வணக்கம் முழுமை பெறும்.